ரொட்டிக்குப் பயந்த வழிகாட்டி

"எல்லாரும் கண்ணை மூடுங்க! யாரும் அசையக் கூடாது!" என்று சொல்லிவிட்டு, இன்கா சுவரில் இருந்த மாடத்துக்குள் ஏறிக் குந்திக்கொண்டார் வழிகாட்டி சத்துர்னினோ. "ராஜாவோட ஆவி இந்தப் பக்கமாத்தான் போகும்."

பெரு நாட்டின் குஸ்கோ நகரிலிருந்து அவர் கூட்டி வந்த ஆறு வெள்ளைக்காரர்கள் பக்தியோடு கண்ணை மூடினார்கள். ஒரு ஜெர்மன்காரிக்குக் கண்ணீரே கசிந்துவிட்டது.

வந்துகொண்டிருந்தது ஆவி இல்லை, அவர் ஊர்க்காரி எர்மெலிந்தா. கீழே படிப்படியான வயல்களில், முதுகு மூட்டை நிறைய ரொட்டியோடு, இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஏறி வந்தாள்.

இந்த வருஷம் ஊர்த் திருவிழா எடுக்கிற முறை அவளுடையது. விழா எடுப்பவர் ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் சாராயப் புட்டியுமாக வீடு வீடாகப் போவார். ரொட்டியை வாங்கிக் கடித்தால் தீர்ந்தது. பேண்ட் வாத்தியமோ, பீர் வாங்குவதோ, வாணவேடிக்கையோ, அந்தச் செலவு உங்கள் தலையில். ஊருக்கு ரொட்டி சுடுகிறவளும் அவளே என்பதால், சத்துர்னினோவுக்கு அவள் நிழலைக் கண்டாலே குலை நடுங்கும்.

மனுஷர் இதுவரை பிடிபட்டதில்லை. ஒரு வருஷம் காய்ச்சல் என்று படுத்தார். இன்னொரு வருஷம் கோயில் பாவமன்னிப்புக் கூண்டுக்குள் ஒளிந்தார். எர்மெலிந்தா மகனுக்கு ஞானத்தகப்பனாக நின்று, ஒரு ஜோடி காலுறை கொடுத்த வள்ளல் அவர். அந்த உறவில் அவளுக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு அவள் கொமாத்ரே.

"கொம்பாத்ரே! கொஞ்சம் நில்லுங்க!" கீழேயிருந்து குரல் வந்தது.

சத்துர்னினோ மாடத்திலிருந்து குதித்தார். "வாங்க வாங்க, மேல இன்னும் பழைய சுவர் இருக்கு!"

"சந்தையில சாப்பாடுன்னு சொன்னீங்களே? கினிப்பன்றி வறுவல்?" என்றாள் ஜெர்மன்காரி, மூச்சு வாங்கிக்கொண்டு.

"வறுவல் கீழ. ஞானம் மேல."

"அந்தம்மா உங்களைத்தானே கூப்பிடறாங்க?"

"மலையைக் கூப்பிடறாங்க. இங்க அப்படித்தான் வழக்கம்."

சூரியன் கோயில் போச்சு, தானியக் கிடங்கு போச்சு, இன்காக்களே மறந்துபோன ஏதோ ஒரு மூலையும் போச்சு. 'என்ன ஒரு ஈடுபாடு!' என்று வெள்ளைக்காரர்கள் பசித்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு வியந்தார்கள். கடைசிச் சுவருக்கு அப்பால் அதலபாதாளம். கழுகு மட்டும்தான் மேற்கொண்டு போக முடியும்.

எர்மெலிந்தா வந்து சேர்ந்தாள். மூட்டையைப் பாறைமேல் இறக்கி முடிச்சை அவிழ்த்தாள். தட்டு அகலத்துக்கு ரொட்டிகள், ரொட்டிகள் மட்டுமே. வாசனைக்கு ஆறு நாக்குகளிலும் எச்சில் ஊறியது.

கீழ் வயலில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த ஊர்ச் சனம் வேலையை நிறுத்திவிட்டு, மண்வெட்டியில் தாடையை ஊன்றி வேடிக்கை பார்த்தது. இனி ஓடவும் வழியில்லை. இத்தனை பேர் கண்ணெதிரே ரொட்டியை மறுத்தால், நாளைக்குச் செத்தால் தூக்க ஒரு ஆள் வராது. அது சத்துர்னினோவுக்கும் தெரியும்.

"எடுத்துக்குங்க" என்று மூச்சிரைக்க ஒரு ரொட்டியை நீட்டினாள் எர்மெலிந்தா. அது அவருக்கும் ஜெர்மன்காரிக்கும் நடுவில் நின்றது.

சத்துர்னினோ வெடுக்கென்று பிடுங்கி, தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி வானத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கடி கடித்தார்.

"சரி, கொமாத்ரே! பேண்ட் என்னோடது!" அவர் கத்தியது எதிர்மலையில் மோதித் திரும்பியது. "மூணு நாளும்! அவங்களுக்குச் சோறும் பீரும்கூட நானே! போதுமா? இனிமே என்னைத் துரத்தாதீங்க!"

வயலில் தொப்பிகள் பறந்தன. யாரோ விசில் அடித்தார்கள். என்ன சடங்கென்று தெரியாமலே வெள்ளைக்காரர்களும் கை தட்டினார்கள்.

எர்மெலிந்தா சாவகாசமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பேண்டுக்கு ஆள் கிடைக்காம முழிச்சுட்டிருந்தேன், சாமியே அனுப்பி வெச்சுட்டார். உங்ககிட்ட கேக்கறதைத்தான் ஊரே விட்டு எத்தனையோ காலமாச்சே, கொம்பாத்ரே!"

இன்னொரு ரொட்டியை எடுத்து, துணியால் துடைத்து, ஜெர்மன்காரியிடம் நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"நான் இவங்களுக்கு ரொட்டி விக்கத்தானே வந்தேன்!"