வெறுங்கை

"பாபா, பாக்கெட்டுலேர்ந்து கையை எடுங்க. கை கொடுத்துதான் ஆகணும். கையுறை கூடாது, வெறுங்கை. சட்டத்துல அப்படித்தான் எழுதியிருக்கு."

காரை நகரசபை வாசலில் நிறுத்திவிட்டு ஃபிலிஸ் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா துர்சுன் கையை எடுக்கவில்லை. எழுபத்து மூன்று வயது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடுகிற கறுப்புக் கோட்டு. அதன் பாக்கெட்டுக்குள் வலது உள்ளங்கை வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

"எவன் எழுதினான் அந்தச் சட்டத்தை? சாப்பிட்டுக் கை கழுவணும்னு எங்கேயாவது சட்டம் இருக்கா? வழக்கம்னா தானா வரணும். அதட்டி வாங்கினா அதுக்குப் பேரு வழக்கமா?"

"டென்மார்க்குல இருக்கணும்னா டென்மார்க்காரங்க மாதிரி கை குலுக்கணும்கறாங்க. ஒரு நிமிஷ வேலை. இதுக்குப் போயி ராத்திரியெல்லாம் தூங்காம…"

"நம்ம துருக்கியில பெரியவங்க கையை முத்தமிட்டு நெத்தியில வச்சுக்குவோம். அதையும் சேர்த்துச் சட்டமாக்கச் சொல்லு. அப்புறம் பார்க்கலாம்."

"தயவுசெஞ்சு இதை உள்ளே போயி சொல்லிடாதீங்க."

துர்சுன் நாலு வருஷம் பள்ளிக்கூடம் போனவர். காகிதத்தை நம்ப மாட்டார். அதை எழுதுகிறவனை இன்னும் நம்ப மாட்டார். பன்றிக்கறியில் ஒரு துண்டுகூட வாயில் வைக்காமல், முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊர்ப் பன்றிக் கசாப்பு ஆலையில் கத்தி பிடித்தவர். தொழிற்சங்கத்தில் சத்தம் போட்டே பேர் வாங்கியவர்.

"இவங்க பன்றியை அறுத்த கை இது. அப்பெல்லாம் எவனும் இதைக் குலுக்கணும்னு கேக்கலை. இன்னைக்கு இதைப் பிடிச்சாத்தான் ஒரு மனுஷன் டென்மார்க்காரன் ஆவானாம். நல்லா இருக்கு கதை!"

"அப்ப வீட்டுக்கே போயிடலாமா? சொல்லுங்க, வண்டியைத் திருப்பறேன். இன்னைக்குக் கை கொடுக்கலைன்னா குடியுரிமை கிடையாது. அடுத்த விழா ஆறு மாசம் கழிச்சு. அதுக்குள்ள என்னென்ன புதுச் சட்டம் வருமோ, யார் கண்டா?"

வேண்டாம் என்று துர்சுன் தலையசைத்தார். ஆறு மாதத்தில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மாடிவீட்டு சிரியாக்காரன் குடியேற்றத் துறையிலிருந்து வந்த ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, அடுப்பில் சோறு தீய்வதுகூடத் தெரியாமல் நின்றதைப் பார்த்தவர் அவர்.

"உனக்குப் புரியாதும்மா," என்றார் கொஞ்சம் இறங்கி. "கை கொடுக்கறதுல எனக்கு என்ன நோவு? கொடுத்தப்புறம் எதிராளி என்ன பண்ணுவான்கறதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு அந்த ஃபோர்மேன் ஓவே…"

"கை கொடுத்துட்டு அதைக் கால்சட்டையில துடைச்சான். ஆயிரம் தடவை சொல்லிட்டீங்க பாபா. அவன் கை ஈரமா இருந்திருக்கும்."

"ஈரமா! என் கண்ணு முன்னாடியே அழுத்தித் துடைச்சான். அம்பது வருஷம் ஆச்சு, அந்தத் துடைப்பு இன்னும் இங்க இருக்கு." நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "அவன் செத்தப்ப ஆலையே திரண்டு போச்சு. நான் போகலை."

"இன்னைக்கு யாரும் துடைக்க மாட்டாங்க. கண்ணைப் பார்த்து, சிரிச்ச முகமா கொடுங்க. நீங்க சிரிச்சா பல்வலி வந்த மாதிரி இருக்கும், அதை மட்டும் கொஞ்சம் பார்த்துக்குங்க."

மாடிப்படி ஏறுவதற்குள் அவருக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது. கூடத்தின் கதவருகே அலுவலர் லிஸ்பெத் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டீங்களா துர்சுன்! நீங்க வரமாட்டீங்களோன்னு வாசலுக்கும் கூடத்துக்கும் நடையா நடந்துட்டேன். மத்தவங்க எல்லாரும் வந்து உக்காந்தாச்சு."

"கையில உறை போட்டுக்கிட்டா…"

"கூடவே கூடாது. என்மேல பாயாதீங்க, சட்டத்தை நான் எழுதலை. நான் பக்கத்துல நின்னு பார்க்கணும். கையும் கையும் படலைன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது."

"பார்த்தியா, குலுக்கறதுக்கு ஒரு சாட்சி வேற," என்று மகளிடம் முணுமுணுத்தார். ஃபிலிஸ் அவர் முதுகில் கைவைத்து மெல்ல உள்ளே தள்ளினாள்.

மேசையில் சின்னச் சின்னக் கொடிகள். காபி வாசனை. முன்வரிசையில் பதினோரு பேர், மடியில் வைத்த தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லிஸ்பெத் மேயரின் கனமான பதவிச் சங்கிலியைக் கொண்டுவந்து துர்சுனின் கழுத்தில் மாட்டினாள்.

"மேயருக்குக் காய்ச்சல் இறங்கலை," என்றாள் காதோரமாக. "நகரசபை உறுப்பினர்கள்ல இன்னைக்கு ஊர்ல இருக்கறது நீங்க ஒருத்தர்தான். நீங்க கை கொடுத்தாத்தான் இவங்களுக்குக் குடியுரிமை." சொல்லிவிட்டு முதல் பெயரைக் கூப்பிட்டாள்.

எரித்ரியாக்காரன் தெஸ்ஃபாய் எழுந்து வந்தான். தோள் தொங்குகிற இரவல் கோட்டு. துர்சுன் அவன் கண்ணைப் பார்த்தார்; கையைக் கொடுத்தார்; இறுக்கிப் பிடித்தார். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. அவன் கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. அப்பாடா என்று இருந்தது அவருக்கு.

லிஸ்பெத் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். இப்படி வேர்த்த கையை இன்னொருவரிடம் எப்படி நீட்டுவது? துர்சுன் உள்ளங்கையைக் கால்சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

தெஸ்ஃபாய் இன்னும் அங்கிருந்து நகரவில்லை. துர்சுனின் கால்சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான்.