காலியாக விட்ட கட்டம்

“வசமா மாட்டினார்டி!” மடிக்கணினியைப் பார்த்து நறநறவென்று பல்லைக் கடித்தாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்திருந்த தங்கை திடுக்கிட்டாள். “யாருக்கா?”

“எட்டு வருஷமா நான் கறுவிக்கிட்டிருக்கிற ஆளு. எங்க ப்ராக்ஸி சர்வர் மென்பொருளுக்கு ப்ளக்இன்னு துணை நிரல் எழுதறவங்களுக்காகப் புதுசா ஏழு ஃபங்ஷன் சேர்க்கணுமாம். மனு போட்டிருக்கார். முடிவு சொல்ல வேண்டியது நான்!”

சம்பளமில்லாமல் பலர் கூடி எழுதும் மென்பொருள் அது; ஃபங்ஷன் என்பது அதில் ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரல். எட்டு வருஷத்துக்கு முன்பு முடிவு சொல்லும் இடத்தில் அவர் இருந்தார். ஒரே ஒரு ஃபங்ஷன் கேட்டு மனு போட்டவள் அக்கா.

“விடாதே! ஏழையும் குப்பையில போடு.”

அக்கா வரி விடாமல் படித்தாள். மனுவில் காலியாக இருந்த ஒரு கட்டத்தைத் தானே நிரப்பினாள். ஏழையும் ஏற்றுக்கொண்டு, “அருமை” என்று பாராட்டும் எழுதினாள்.

“பைத்தியமாக்கா உனக்கு? உன்னோடதைத் தூக்கி எறிஞ்சவர்தானே அவர்?”

“எறிஞ்சிருந்தா கும்பிட்டிருப்பேனே! உடனே ஏத்துக்கிட்டார். ‘காலத்துக்கும் பராமரிப்பவர்’ங்கிற கட்டத்துல, என்னை ஒரு வார்த்தை கேக்காம என் பேரை எழுதிட்டார். இன்னிக்கு அவர் மனுவுல அதே கட்டத்தை நைசாக் காலியா விட்டிருக்கார்.”

கணினி சிணுங்கியது. அக்காவின் அந்த ஒற்றை ஃபங்ஷன் வேலை செய்யவில்லை என்று முகம் தெரியாத யாரோ திட்டியிருந்தார். காலையிலிருந்து இது ஒன்பதாவது.

“ஒரே ஒரு ஃபங்ஷனுக்கே எனக்கு எட்டு வருஷமா ஞாயித்துக்கிழமை கிடையாது,” என்று பதில் தட்டத் தொடங்கினாள் அக்கா. “அவருக்கு ஏழு. அனுபவிக்கட்டும்!”