காலர் மடிப்பில் மஞ்சள்

அவள் கட்டைவிரலால் காலரைத் திருப்பினாள்.

மஞ்சள்.

பதினோரு வருஷமாக அந்தத் துணிக்கடையின் ரிட்டர்ன் கவுண்டரில் அவள் தேடுவது அது ஒன்றைத்தான். புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்துவிட்டால், அது உடுத்துகிறவருக்குச் சொந்தம். அப்புறம் கடை திரும்ப வாங்காது. விதி போட்டவர் முதலாளி. காவல் காப்பவள் அவள்.

அவளிடம் யார் பாச்சாவும் பலித்ததில்லை.

மார்கழி முழுக்கப் போர்த்திவிட்டு, தை பிறந்ததும் "குளிரே இல்லயே" என்று போர்வையைக் கொண்டுவந்தவர் உண்டு. கட்டி அவிழ்த்த வேட்டியைப் பழையபடி மடித்து, தேய்த்து, "பிரிக்கவே இல்ல" என்று சத்தியம் செய்தவர் உண்டு. அவள் பிரித்தாள். பஸ் டிக்கெட் விழுந்தது. போக ஒன்று, வர ஒன்று.

ஒரு சம்பந்தியம்மா கல்யாணப் பட்டுப்புடவையைப் பாயசத்தோடு கொண்டுவந்து, "இது தறியிலயே பட்டது" என்று சாதித்தார். முந்தானையில் ஒரு முந்திரி ஒட்டியிருந்தது. அவள் அதைப் பக்குவமாகப் பிய்த்து, பில்லின் மேல் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

நம்பாதவர்கள் ரிட்டர்ன் நோட்டைப் புரட்டலாம். காரணம் என்ற கட்டத்தில் 'முந்திரி' என்றே இருக்கிறது.

ஆனால் இது நீலக் கட்டம் போட்ட சட்டை. அளவு முப்பத்துநாலு.

எதிரே நிற்பவர் லோகேசின் அப்பா.

ஐந்து தீபாவளிக்கு முன்னால், இதே கடை வாசலில், இதே சட்டையை இருபத்தாறாம் அளவில் ஒரு கையில் வைத்திருந்தார். இன்னொரு கையில் ஏழு வயது லோகேசு. கூட்டத்தில் பை கிழிந்தது. கையை விட்டுக் குனிந்தார். சட்டையை எடுத்தார்.

நிமிர்ந்தபோது அவரிடம் சட்டை மட்டும் இருந்தது.

அதிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி வருவார்.

"ஒரு சைஸ் கூட்டிக் குடு தாயி. வந்தா பத்தாமப் போயிரும்."

ஏழு நாளைக்குள் மாற்ற வேண்டும் என்பது கடையின் கணக்கு. அவர் பில்லுக்கு ஐந்து வயது. அவள் அதை விரித்துப் பார்த்ததே இல்லை. சூப்பர்வைசர் அந்த நேரம் மட்டும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த ஃபேனில் அப்படி என்ன பழுது என்று யாரும் கேட்டதில்லை.

அந்தக் கட்டம் போட்ட சட்டை கடைக்கு வருவது நின்று நாலு வருஷமாகிறது. அவரோ ஒவ்வொரு முறையும் அதே கட்டத்தில் அடுத்த அளவோடு போனார். மாயமில்லை. சரக்கு நிற்கப்போகிறது என்று தெரிந்த அன்றே, அளவுக்கு ஒன்றாக எடுத்துக் கவுண்டருக்கு அடியில் ஒளித்துவிட்டாள். நாற்பத்திரண்டு வரை.

பையன் மீசையோடு வந்தாலும் சட்டை தயார்.

அந்தச் சட்டைகள் எதிலும் மஞ்சள் இருந்ததில்லை. போடுகிறவன் வந்தால்தானே வைப்பார்கள்.

இப்போது இருந்தது.

"அண்ணே!" கடையே திரும்பிப் பார்த்தது. "லோகேசு வந்துட்டானா?"

பக்கத்தில் பில் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது. சூப்பர்வைசரின் பார்வை ஃபேனை விட்டுக் கீழே இறங்கியது.

லோகேசின் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளையே பார்த்தார்.

அவள் சட்டையைப் பார்த்தாள்.

குண்டூசிகள் ஆறும் குத்திய இடத்தில் இருந்தன. காலருக்குள் அட்டை. ஒரு மடிப்பும் கலையவில்லை.

யாரும் போடாத சட்டை.

சாம்பிராணி வாசம் இப்போதுதான் மூக்கில் ஏறியது.

இனி வராதவர்களுக்கும் மஞ்சள் வைப்பார்கள். படையலில், இலைக்கு முன்னால் வைக்கும் புதுத்துணியில். அது அவளுக்குத் தெரியாததல்ல. இவர் விஷயத்தில் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

காலரை மூடினாள்.

அவர் கை நீட்டித் திறந்தார். மஞ்சளின் மேல் தன் விரலை வைத்துப் பார்த்தார். மஞ்சளை விட விரல் பெரிதாக இருந்தது. அது எந்த விரல் வைத்தது என்று அந்தக் கடையில் அவருக்குத்தான் தெரியும்.

"மில்லுலயே பட்டதுண்ணே," என்றாள்.

பதினோரு வருஷத்தில் அந்தக் கவுண்டருக்கு உள்ளே இருந்து வந்த முதல் பொய். அதுவும் சொந்தச் சரக்கில்லை. சம்பந்தியம்மாவுடையது.

நோட்டை இழுத்தாள். காரணக் கட்டத்தில் 'மில் கறை' என்று எழுதினாள். அழுத்தி எழுதினாள். குனிந்து முப்பத்தாறை எடுத்து, தூசி தட்டி, அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை.

"மகாளய அமாவாசைக்கு லோகேசு அம்மா வீட்டுல ஒரு இலை சேத்துப் போட்டிருந்தா தாயி. யாருக்குன்னு நான் கேக்கல."

ஃபேன் சுற்றியது.

"முப்பத்துநாலே போதும்."

அந்த அளவில் அவளிடம் இருந்தது ஒன்றுதான்.

குண்டூசி கலையாமல் அதையே பையில் போட்டாள். பையின் அடியை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். கிழியாது என்று தோன்றிய பிறகு, இன்னொரு பைக்குள் வைத்துக் கொடுத்தாள்.

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கவுண்டருக்கு அடியில் முப்பத்தாறு.

முப்பத்தெட்டு.

நாற்பது.

நாற்பத்திரண்டு.