மூன்றாவது வரிசை

“இறப்புச் சான்றிதழ் இருக்கு, படைப்பிரிவுக் கடிதம் இருக்கு. தலைமையாசிரியர் கையெழுத்து எங்கேம்மா?” எழுத்தர் காகிதங்களைத் திருப்பித் தள்ளினார்.

தையற்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்னவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அரை நாள் விடுப்புக்குக் கெஞ்சிக் கூத்தாடி, நினைவுக்கல் அலுவலகத்துக்கு அவள் வருவது இது ஐந்தாவது தடவை. ஒவ்வொரு தடவையும் எழுத்தர் எழுந்து நின்று கும்பிடுவார். “வீரனைப் பெத்த தாய், உட்காருங்க” என்பார். அவள் எழுதிக் கொடுத்த மனுவை மட்டும் ஒருநாளும் படித்ததில்லை.

“போன தடவை கையெழுத்துன்னு சொல்லலையே.”

“இப்பத்தான் உத்தரவு வந்திருக்கு. கல்லு பள்ளிக்கூட வாசல்ல இருக்கில்ல, அவங்க சம்மதமும் வேணுமாம்.”

“மூணாவது வரிசைங்க. கடைசிப் பேர்.”

எழுத்தர் சிரித்தார். “வரிசையெல்லாம் நாம கேட்டு வாங்க முடியாதும்மா. கிடைக்கிற இடத்துலதான்.”

“நான் சொல்ல வந்தது என்னன்னா…”

தொலைபேசி அடித்தது. அவர் அதை எடுத்துக்கொண்டே பெஞ்சைக் கை காட்டினார்.

பெஞ்சில் ஒருத்தி, சீருடையில் இருந்த மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். “நானும் எட்டு மாசமா அலையறேங்கக்கா. ஆளுதான் இல்லை, பேராவது நிக்கட்டுமேன்னு. கல்லுல வெட்டினது மழை வெயிலுக்குத் தேயாதில்ல?”

“தேயாது.”

தையற்காரம்மாவுக்கு அந்தப் படத்தைப் பார்க்கத் தெம்பில்லை. எழுந்து மறுபடியும் எழுத்தரின் மேசைக்கே போனாள்.

“அடுத்த மாசத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“ஏன், நினைவு நாள் வருதா?”

“இல்லைங்க. சின்னவனுக்குப் பதினெட்டு முடியுது.”

எழுத்தரின் முகம் மலர்ந்துவிட்டது. “அப்படிச் சொல்லுங்க. தம்பிக்காரன் தினமும் அண்ணன் பேரைப் பார்த்துட்டுப் போனா ரத்தம் சூடேறும்மா. நாளைக்கு அவனும் பட்டாளத்துக்குப் பேர் குடுப்பான். இந்த நாட்டுக்கு உங்களை மாதிரி அம்மாக்கள்தான் வேணும். கவலையை விடுங்க, நானே பக்கத்துல நின்னு அந்தப் பேரை வெட்ட வைக்கிறேன்.”

அவள் மனுவை எடுத்து அவர் கண்ணுக்கு நேராக நீட்டினாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரலை முதல் வரியில் வைத்தாள்.

“வெட்டி ரெண்டு வருஷம் ஆச்சு சார்; சின்னவனும் பேர் குடுக்கறதுக்குள்ள அதை அழிச்சுடுங்க.”