சைலன்சருக்குள் போன குழாய்

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்தக் குழாய்தான்.

மாப்பிள்ளை பார்க்க வந்தவன் லாரிக்கு அடியிலா போய்ப் படுப்பான் என்று கேட்பார்கள். நான் படுப்பேன். மெக்கானிக்காக முப்பத்தெட்டு வருடம் அங்கேதான் கிடந்தேன். மனுஷன் வாயால் எதையும் சொல்லுவான். வண்டிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

என் பட்டறையில் ஸ்பேனரோடு விளையாடி வளர்ந்த என் மகள் இப்போது ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். வெள்ளைக் கோட்டு, மாதச் சம்பளம். இவன் ஒற்றை லாரி வைத்துத் தானே ஓட்டிக்கொள்கிறவன். கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று ஆறு மாதமாக ஒற்றைக் காலில் நிற்கிறாள். நேற்றுதான் இறங்கி வந்தாள்.

"நீங்களே போய்ப் பாருங்கப்பா. வேணாம்னு சொன்னீங்கன்னா விட்டுடறேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். காரணம் ஒன்றுதான் பாக்கி. அது மூக்குக்கு நேரே தொங்கியது.

இன்ஜினுக்கு மூச்சு விடும் ஓட்டை ஒன்று உண்டு. பிரீதர் என்பார்கள். இன்ஜின் தேயத் தேய உள்ளே கசியும் புகையெல்லாம் அது வழியாகத்தான் வெளியே வரும். அதன் வாயில் உள்ளங்கையை வைத்தால் வண்டியின் வயது தெரிந்துவிடும். ஏமாற்ற முடியாத இடம்.

இந்தப் புத்திசாலி அந்த வாயில் குழாயை மாட்டிக் கொண்டுபோய் சைலன்சர் பைப்பில் சேர்த்திருந்தான். இனி கையை எங்கே வைப்பது? இந்தப் புகையும் அந்தப் புகையும் ஒன்றாகக் கலந்து பின்னால் போய்விடும். இருமுவது தெரியக்கூடாது என்று வாயில் துண்டைத் திணித்துக்கொண்ட நோயாளி மாதிரி.

"என்னய்யா இது கூத்து?"

டீ டம்ளரோடு நின்றிருந்தவன் குனிந்தான். "பிரீதரைத் திருப்பி விட்டிருக்கேன் மாமா. கியர் ராடு ஓட்டை வழியா கேபினுக்குள்ள புகை ஏறுது. உட்கார முடியல."

மாமாவாம். நான் இன்னும் டீயையே வாங்கவில்லை.

"பதினோரு வருஷமா அதே கேபின்லதானே உட்கார்ந்திருக்க? இப்பதான் மூக்கு முளைச்சுதா?"

அவன் காது சிவந்தது.

ஒருவழி வால்வு வைத்திருக்க மாட்டான் என்று நினைத்தேன். அரைகுறைகள் எல்லோரும் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். நடுவில் வால்வு இல்லாவிட்டால் சைலன்சர் புகை திரும்பி இன்ஜினுக்குள் ஏறும். ஆயில் சீல் ஒன்றொன்றாகப் பிதுங்கும். அப்புறம் ரோடெல்லாம் ஆயில் கோலம்தான்.

வால்வு இருந்தது. அதன் அம்புக்குறியும் சரியான பக்கம் பார்த்தது. பைப்பைக்கூட புகை போகும் போக்கிலேயே சாய்த்து வைத்திருந்தான். அப்படி வைத்தால்தான் ஓடுகிற புகை இதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

எரிச்சலாக இருந்தது. பற்றவைத்த இடம் கோழி எச்சம் மாதிரி இருந்ததால் தப்பித்தேன். அதை வைத்து நாலு திட்டு திட்டினேன்.

"யாருய்யா செஞ்சது?"

"நானேதான் மாமா."

தன் கையால் செய்த வேலையைப் பற்றிக் கேட்டால் எவனும் இரண்டு வார்த்தையில் நிறுத்த மாட்டான். எந்தக் கடையில் சாமான் வாங்கினான், எத்தனை மணிக்கு முடித்தான், எந்த விரலில் வெட்டிக்கொண்டான் என்று நீட்டி முழக்குவான். இவன் வாயைத் தைத்துக்கொண்டு நின்றான்.

குழாய் பிரீதரில் ஏறும் இடத்தில் ஒரு கிளிப். அதைத் தடவிப் பார்த்தேன். திருகு கீழே பார்க்கவில்லை. மேலே, சேஸிஸ் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

"கிளிப் லூசா இருக்கு. வந்து இறுக்கு."

லூசாக எல்லாம் இல்லை. கல் மாதிரி இருந்தது.

பக்கத்தில் வந்து படுத்தான். ஸ்குரூடிரைவரை வலது கையில் பிடித்து மேலே நீட்டினான். முழங்கை சட்டத்தில் இடித்தது. புரண்டு படுத்து நீட்டினான். மறுபடியும் இடித்தது. இடது கைக்கு மாற்றினான். அந்தக் கை பச்சைக் குழந்தையின் கை மாதிரி திருகைச் சுற்றிச் சுற்றி வழுக்கியது. சட்டையெல்லாம் கிரீஸ், நெற்றியெல்லாம் வேர்வை.

பார்க்கப் பார்க்க எனக்குக் குளிர்ந்தது. பொய்யன். யாரோ செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லி, பெண் கொடுக்கிறவனிடமே பெயர் வாங்கப் பார்க்கிறான். இது போதும். வீட்டுக்குப் போய் இதைச் சொன்னால் ஆறு மாதச் சண்டை அரை நிமிஷத்தில் முடியும்.

"கைய எடுடா."

ஸ்குரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டேன். என் இடது கை சட்டத்துக்குப் பின்னால் தானாகப் போனது. எங்கேயும் இடிக்கவில்லை. முனை திருகின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது, அங்கேயே பிறந்தது மாதிரி.

எடுக்கத் தோன்றாமல் அப்படியே படுத்திருந்தேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் வீட்டில் இடது கைக்காரர்கள் இரண்டே பேர்.

நான் இந்த லாரியை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.