ஒரே சமையலா, தனித்தனியா?

வாசலில் நின்ற கணக்கெடுப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மக்கள்தொகைக் கணக்கெடுப்பும்மா. மாடியில இருக்கிறது உங்க மருமகளாமே. ஒரே சமையலா, தனித்தனியா?”

“நேத்திலேருந்து தனி,” என்றாள் மாமியார் விறைப்பாக.

மாடிப்படியிலிருந்து மருமகளின் குரல் இறங்கி வந்தது. “தனிதான் சார். நல்லா அழுத்தி எழுதுங்க.”

“ஒரே சமையல்ல சாப்பிடுறவங்கதான் ஒரு குடும்பம்ங்கிறது எங்க விதி. அப்ப இது ரெண்டு குடும்பம். வீட்டு ஆம்பளையை எதுல சேர்க்கட்டும்?”

“என் பிள்ளை, என் கணக்குல.”

“என் புருஷன், என் கணக்குல.”

“ஒரு ஆளை ரெண்டு இடத்துல எழுதினா என் வேலை போயிடும். ரெண்டுலயும் விட்டுட்டா நாட்டு ஜனத்தொகையில ஒண்ணு குறையும்.”

மாமியார் அண்ணாந்து பார்த்தாள். மருமகள் முகத்தைத் திருப்புவதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது.

“ஒண்ணுன்னே எழுதித் தொலைங்க,” என்ற மாமியார், “வந்து காயை நறுக்குடி, நான் தாளிக்கிறேன்,” என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

கணக்கெடுப்பாளர் அடையாள அட்டையைக் கழற்றி, வழக்கமான ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார்.

“சீக்கிரம் ஆகட்டும்மா. எந்தக் குடும்பம்னு தெரியாம உன் பிள்ளை நேத்திலேருந்து பட்டினி.”