பாலத்துக் காவலன்

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கைக்கு, விடுமுறையன்று அண்ணன் ஒரு வாள்சண்டை வீடியோ கேமைக் கற்றுக்கொடுத்தான்.

"பேராசைப்படாத. ஒரு வெட்டு, உடனே பின்னால உருண்டுடு. அடிபட்டா நெருப்புக்கிட்ட உட்காரு, உயிர் ஏறிடும். ஆனா நீ கொன்னவங்களும் எழுந்து வந்துடுவாங்க."

ஆட்டத்தில் பலமுறை செத்தபின் அவள், பெரிய இரும்புக் கதாயுதத்தோடு வழிமறித்த பாலத்துக் காவலனைக் கொன்றுவிட்டுக் கைதட்டிச் சிரித்தாள். நெருப்பருகே உட்கார்ந்து எழுந்தாள். மற்ற எல்லாரும் திரும்பியிருந்தார்கள். பாலம் மட்டும் காலியாக இருந்தது.

"அவன் வராம இருக்க மாட்டானே," என்றான் அண்ணன்.

வாசல் மணி அடித்தது. அம்மா போய்க் கதவைத் திறந்தாள்.

"யாரைத் தேடுறீங்க? ஆமா, என் பொண்ணுதான். உள்ளதான் இருக்கா, வாங்க. கையில இருக்கறதை அப்படி ஓரமா வைங்க."

தங்கை டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். அதன் பிறகும், கனமான இரும்பு ஒன்று தரையில் இறங்கும் ஓசை கேட்டது.